ஐடியில் இருக்கிற பையனைக் கேளுங்கள்

“வாங்கறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, மாப்ள” என்றார் என் மச்சினர். லேப்டாப் வந்த அட்டைப்பெட்டி இன்னும் பரணுக்குக்கூட ஏறவில்லை. அவரைக் கேட்டேன் ஐயா, கேட்டேன். ஒரு வார்த்தை என்ன, ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து கேட்டேன். பஜ்ஜியைத் தின்றுவிட்டு, “எதை வேணா வாங்குங்க, எல்லாம் ஒண்ணுதான்” என்றார். இப்போது ஃபோனில் ‘த்சொ’ கொட்டுகிறார். அந்த த்சொ காதில் ஆறுவதற்குள் எழுத உட்கார்ந்திருக்கிறேன். பிள்ளையை எம்.பி.பி.எஸ். சேர்த்திருக்கும் பெற்றோர் எந்த லேப்டாப்பை நம்பி வாங்கலாம் என்பதை இந்தக் கட்டுரை முடிவதற்குள் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

அதற்கு முன்னால் ஐடி பையனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

உங்கள் குடும்பத்திலும் ஒருவன் இருப்பான். எங்கள் வீட்டில் அவன் என் மனைவியின் அக்கா மகன். சோழிங்கநல்லூரில் வேலை. என்ன வேலை என்று யாருக்கும் தெரியாது, யாரும் கேட்டதும் இல்லை. ‘ஐடியில இருக்கான்’ என்ற விவரம் எங்களுக்குப் போதுமானதாக இருந்தது. அதை வைத்து இன்வெர்ட்டர், டிவி, வைஃபை, ஆதார் திருத்தம், என் மாமனாரின் பென்ஷனுக்கான உயிர்வாழ் சான்றிதழ், அத்தையின் காது மெஷின் எல்லாவற்றுக்கும் அவனையே கேட்டுக்கொண்டிருந்தோம். அமெரிக்க இன்சூரன்ஸ் படிவம் ஒன்றில் தேதி சரியான கட்டத்தில் விழுகிறதா என்று சோதித்துப் பார்ப்பதுதான் அவன் வேலை என்பது, அவன் கல்யாண ரிசப்ஷனில் அவனுடைய மேனேஜர் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது.

இன்னொன்றும் அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அவன் சொந்தக் காசில் ஒரு லேப்டாப் வாங்கியதே கிடையாது. எல்லாம் கம்பெனி கொடுத்தது, அடியில் பார்கோடு ஸ்டிக்கரோடு. பழுதானால் அவன் திறந்து பார்க்க மாட்டான், ‘டிக்கெட்’ போடுவான். யாரோ வந்து வேறொன்றைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஆக, லேப்டாப் வாங்குவதில் என் மாமியாருக்கு எவ்வளவு அனுபவமோ அவ்வளவுதான் அவனுக்கும். என்ன, மாமியாரை யாரும் கேட்பதில்லை.

அவனையும் குறை சொல்ல முடியாது. தெரியாது என்று அவன் சொல்லிவிட்டால் அவன் அம்மாவின் மானம் என்ன ஆவது? அதனால் அந்த வர்க்கத்தார் எல்லாரும் கேட்கும் கேள்வியைக் கேட்டான்.

“யூஸேஜ் என்ன சித்தப்பா?”

“படிக்கத்தான்.”

“படிக்கன்னா, என்ன மாதிரி?”

“மெடிக்கல்.”

“ஓ” என்றான். அந்த ஓவில் பத்தாயிரம் ரூபாய் ஏறிவிட்டது.

மறுநாள் எக்ஸெல் வந்தது. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கட்டம் கட்டமாக மாடல்கள். ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண். ‘ஃப்யூச்சர் ப்ரூஃப்’ என்று ஒரு பத்தி, அதற்குத்தான் அதிக மார்க். இவ்வளவு நியாயமாக நடந்த தேர்வில் முதலிடம் பிடித்தது எது தெரியுமா? கேம் விளையாடுகிற லேப்டாப். எடை இரண்டரைக் கிலோ. கீபோர்டுக்கு அடியில் சிவப்பு விளக்கு எரியும். சார்ஜர் மட்டும் ஒரு செங்கல். இது எதற்குடா என்றேன். “அனாட்டமிக்கு 3டி மாடல் ஓட்டணும்னா கிராஃபிக்ஸ் கார்டு வேணும் சித்தப்பா.” காலேஜில் அசல் பிணத்தையே வைத்திருக்கிறார்களே அப்பா, அதற்கு கிராஃபிக்ஸ் கார்டு தேவைப்படாதே என்றேன். “அது இப்போ சித்தப்பா. ஃப்யூச்சர்ல?”

ஃப்யூச்சரில் பிணம் இருக்காது என்கிறானா, என் மகள் இருக்க மாட்டாள் என்கிறானா, புரியவில்லை.

போகட்டும், வேறு ஒன்றை முடிவு செய்தேன். “அவசரப்படாதீங்க சித்தப்பா, அடுத்த மாசம் புது சிப் வருது” என்றான். அடுத்த மாதம் வந்தது. “புதுசு வந்திருச்சில்ல, பழசு விலை இறங்கும், கொஞ்சம் பொறுங்க.” பிறகு ஆஃபர் வரும், பிறகு ஆஃபரிலிருந்து மிஞ்சியது வரும். எம்.பி.பி.எஸ். நாலரை வருஷம், அதன் மேல் ஹவுஸ் சர்ஜன் ஒரு வருஷம். இவன் கணக்குப்படி பொறுத்திருந்தால், அவள் கிளினிக் திறந்த பிறகு வரவேற்பறையில் டோக்கன் போட லேப்டாப் வாங்கியிருப்போம்.

கடைசியில் ஒருநாள் வாய்தவறி உளறினான். அந்த எக்ஸெல் அவன் போட்டதே இல்லையாம். ஐடி பையனுக்கும் ஒரு ஐடி பையன் உண்டு. இவன் தன் டீமில் ஒருத்தனைக் கேட்க, அவன் தன் ரூம்மேட்டைக் கேட்க, அந்த ரூம்மேட் முன்பு ரிச்சி தெருவில் ஒரு கடையில் மவுஸும் கேபிளும் விற்றவராம். சிந்தாதிரிப்பேட்டைக்கு பஸ் ஏறி நேராகவே அந்த மகானைத் தரிசித்திருக்கலாம். குடும்ப கௌரவம் சோழிங்கநல்லூரைச் சுற்றி வரவைத்தது.

மச்சினருக்கு வருகிறேன். அவர் பென்டியம் காலத்திலிருந்தே ஒரே கேள்வியோடு வாழ்கிறவர்: பெரிய நம்பர்தானே? எனவே “ஐ7 தானே வாங்கினீங்க?” என்றார். இன்டெல்காரன் 2023-லேயே ‘கோர் அல்ட்ரா’ என்று புதுப் பெயர் வைத்து, அதில் அந்த ‘ஐ’-யைக் கழற்றிவிட்டான் என்று விளக்கினேன். “ஐயை எடுத்தானே, விலையைக் குறைச்சானா?” என்றார். அவர் வாழ்க்கையில் கேட்ட ஒரே நல்ல கேள்வி இது. என்னிடம் பதில் இல்லை.

எதிர்வீட்டு அம்மாள், டாக்டருக்குப் படிக்கிற பெண் கையில் ஆப்பிள் இருந்தால்தான் மதிப்பு என்றார். அவர் கொடுக்கப்போகிற மொய்யை நினைத்துப் பேசாமல் வந்துவிட்டேன்.

நானும் யோக்கியன் இல்லை. பக்கத்து ஃபிளாட்காரர் கார் வாங்கியபோது மைலேஜ் பற்றி அவரை லிஃப்டுக்குள் நிறுத்திவைத்துப் பேசியவன்தான். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது.

ஆனாலும் எரிச்சல் தீரவில்லை. ஏன் என்றால், ஒருத்தராவது படிக்கப்போகிறவளைக் கேட்டார்களா? அவள் சொன்னது இவ்வளவுதான்: “ஹாஸ்டல் ரூம்ல மூணு பேருக்கு ஒரு பிளக் பாயின்ட்ப்பா. வெயிட்டா இருக்கக் கூடாது, சார்ஜ் நிக்கணும்.” எக்ஸெலில் பிளக் பாயின்டுக்குப் பத்தி இல்லை. கெட்டுப்போனால் அந்த ஊரில் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா என்பதற்கும் இல்லை. மெலிதாக வருகிற பலவற்றில் ரேமை போர்டிலேயே பற்றவைத்து விடுகிறார்கள், பின்னால் கூட்ட முடியாது. வாங்கும்போதே 16 ஜிபி கேட்டு வாங்க வேண்டும் என்று எனக்குச் சொன்னது கடையில் டீ கொண்டுவந்த பையன்.

2011-ல் தமிழக அரசு ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு லேப்டாப் கொடுக்க ஆரம்பித்ததே, ஞாபகம் இருக்கிறதா? என் தங்கை மகன் அதை வாங்கி வந்த அன்று எந்தப் பெரியப்பாவும் ப்ராசஸர் என்ன என்று கேட்கவில்லை. பையன் படித்தான். ஓசியில் வந்த பொருளுக்கு நம் ஊரில் ஆலோசகர்கள் கிடையாது. அடுத்தவன் காசு செலவாகும்போதுதான் கூட்டம் சேரும்.

சரி, இவ்வளவு பாடுபட்டு வாங்கிய மெஷினில் முதல் வருஷ மாணவி என்ன செய்கிறாள்? வீடியோ பாடத்தை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டுகிறாள். பேராசிரியரின் பிபிடியைத் திறக்கிறாள், பிடிஎஃப் படிக்கிறாள். மற்ற நேரமெல்லாம் பழைய பாடுதான். பி.டி. சௌராசியாவைத் தூக்கிக்கொண்டு அலைகிறாள். ஹிஸ்டாலஜி ரெக்கார்டில் ரோஸ், வயலெட் கலர் பென்சில்களால் திசுக்களை வரைகிறாள், கையால். பென்சில் தீர்ந்துவிட்டது என்று ராத்திரி பத்து மணிக்கு ஃபோன் வந்தது. லேப்டாப்பைப் பற்றி இன்றுவரை ஒரு ஃபோன் இல்லை.

அவளுக்கு உண்மையில் தேவைப்பட்டது எலும்பு. எலும்பு செட் இல்லாமல் முதல் வருஷ அனாட்டமி நகராது. சீனியர் அக்கா ஒருத்தியிடமிருந்து ஒரு பையில் வாங்கி வந்தாள், எலும்புகளில் முந்தைய பேட்ச்காரர்கள் மார்க்கரில் கிறுக்கிய கோடுகளோடு. வாரண்டி கிடையாது, சார்ஜர் கிடையாது, அப்டேட் கேட்காது. எத்தனை பேட்ச் கைமாறி வந்ததோ, இன்னமும் உழைக்கிறது. இதற்கு ஒரு சொந்தக்காரன்கூட ரிவ்யூ அனுப்பவில்லை. ஐடி பையனிடம் எலும்பு பற்றிக் கேட்டேன். “யூஸேஜ் என்ன?” என்றுகூட அவனுக்கு வாய் வரவில்லை.

உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு மெடிக்கல் சீட் கிடைத்திருந்தால் வாழ்த்துகள். எந்த லேப்டாப் வாங்குவது என்று என்னிடம் கேட்காதீர்கள், எதைச் சொன்னாலும் உங்கள் மச்சினர் த்சொ கொட்டுவார். எலும்பு செட் பற்றிக் கேளுங்கள், சொல்கிறேன். முழு செட் வேண்டாம், பாதி செட் போதும்.