ஐ.டி. தம்பி

ஐ.டி. தம்பி என்பவர் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்தில் ஏதாவதோர் உதிரிபாகக் கம்பெனியின் சர்வர் அறையைக் கட்டிக் காப்பவர். வயது நாற்பதைத் தொட்டாலும் டூல்ரூம் அண்ணன்களுக்கு அவர் தம்பிதான். காண்ட்ராக்ட் தொழிலாளிகளுக்கு ‘சார்’. எச்.ஆருக்குப் பெயரே கிடையாது, ‘ஐ.டி.யைக் கூப்பிடு’ என்பதோடு சரி. இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாயும், ஒரகடத்தில் 2010-இல் ரெனோ–நிசானும் கார் தயாரிக்கத் தொடங்கின. அவற்றைச் சுற்றிப் பிரஸ் ஷாப்புகள் பெருகப் பெருக இந்த இனமும் பெருகியது.

பிரின்டர், சிசிடிவி, கைரேகை மெஷின், எம்.டி. அறை புரொஜெக்டர் எல்லாம் அவர் பொறுப்பே. ஆனால் அவருடைய வித்வத் வெளிப்படுவது ஒரே ஒரு செய்தியின் முன்னால்தான்: ‘கான்ட் ஓப்பன் டிஸ்ப்ளே’. பிரஸ்ஸில் தகட்டுக்கு உருக்கொடுக்கும் அச்சான டையின் வடிவமைப்பைச் சோதிக்கும் மென்பொருள் லினக்ஸ் சர்வரில் ஓடும். அந்த சர்வருக்கு மானிட்டர் கிடையாது. அதன் ஜன்னல் இன்ஜினீயரின் மேஜைக் கணினியில் வந்து திறக்க வேண்டும். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1984-இல் பிறந்த எக்ஸ் விண்டோ சிஸ்டம்தான் இதற்கான ஏற்பாடு. 1987-இல் வந்த அதன் பதினோராம் பதிப்பே இன்னும் வண்டியை ஓட்டுகிறது. இதில் ஒரு தலைகீழ் உண்டு. திரை எந்தக் கணினியில் இருக்கிறதோ, அதில் ஓடுவதே எக்ஸ் சர்வர். குளிரூட்டிய அறையில் உறுமும் பெரிய மெஷினில் ஓடும் மென்பொருள், ‘உங்கள் திரையில் ஒரு ஜன்னல் வரைந்துகொள்ளலாமா?’ என்று கேட்டு நிற்கும் கிளையன்ட். “தம்பி, சர்வர் போயிடுச்சு” என்று போன் வந்தால், “சர்வர் உங்க டேபிள்லதாண்ணே இருக்கு” என்பார் ஐ.டி. தம்பி. இதை இதுவரை எந்த அண்ணனும் நம்பியதில்லை.

அவருடைய முதல் கேள்வி எப்போதும் ஒன்றே: “என்னத்தண்ணே தொட்டீங்க?” பதிலும் ஒன்றே: “ஒண்ணுமே தொடல.” அதை அவர் ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொள்வார். பிறகு டிஸ்ப்ளே என்ற மாறியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பார். எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான தொலைஇணைப்பு வழியாக ஒழுங்காக வந்திருந்தால் அதில் ‘லோக்கல்ஹோஸ்ட்:10.0’ என்று தானாகவே எழுதப்பட்டிருக்கும். காலியாக இருந்தால் புட்டி என்ற இணைப்பு நிரலில் எக்ஸ்11 ஃபார்வர்டிங் டிக் விழவில்லை, அல்லது சர்வரில் அதற்கு அனுமதி இல்லை, அல்லது சிக்கனமாக நிறுவிய லினக்ஸில் எக்ஸ்ஆத் என்ற சிறு நிரலே இல்லை. மூன்றும் சில நிமிட வேலை. காலி இல்லை, வேறு ஏதோ முகவரி இருக்கிறது என்றால்தான் கதை நீளும். எப்போதோ வேலையை விட்டுப் போன ஒருவர் எழுதிக் கொடுத்த ஐ.பி. முகவரியை அண்ணன் தன் லாகின் ஃபைலிலேயே பதித்து வைத்திருப்பார். நெட்வொர்க் அந்த முகவரியை இதற்குள் வேறொருவருக்குக் கொடுத்திருக்கும். அவர் திரையும் கதவு பூட்டாமல் இருந்தால், இங்கே கிளிக் செய்த டை அங்கே அவருடைய எக்ஸெல் மேல் மலரும்.

அடுத்த வகை, லாகின் ஒரு பெயரில், வேலை இன்னொரு பெயரில். தன் கணக்கில் நுழைந்து ‘எஸ்யூ’ அடித்து ஆரக்கிள் டேட்டாபேஸின் கணக்குக்கு மாறுவார்கள். உடனே திரை மறுக்கும். நுழைவு அனுமதி, மேஜிக் குக்கீ எனப்படும் 128 பிட் ரகசிய எண்ணாக, முதல் கணக்கின் ஹோம் டைரக்டரியில் உள்ள ஃபைலில் தங்கிவிட்டது. கேட் பாஸ் ஒருவர் பெயரில் இருக்க இன்னொருவர் உள்ளே போனால் செக்யூரிட்டி விடுவாரா? எக்ஸ்ஆத் கொண்டு அந்த எண்ணை இரண்டாவது கணக்குக்கும் எடுத்துக் கொடுத்தால் முடிந்தது.

ஆனால் லைன் நிற்கிறது, பிளான்ட் ஹெட் முதுகுக்குப் பின்னால் நிற்கிறார் என்றால் ஐ.டி. தம்பிக்குப் பொறுமை இருக்காது. மேஜைக் கணினியில் ‘எக்ஸ்ஹோஸ்ட் பிளஸ்’ என்று அடித்து, வருகிறவர் எல்லாம் வரலாம் என்று கதவைத் திறந்துவிடுவார். எஸ்எஸ்எச் இல்லாமல் பழைய பாணியில் நேராக வரும் ஜன்னல்கள் அத்தனையும் திறக்கும். யார் வேண்டுமானாலும் அந்தத் திரையைப் பார்க்கலாம், தட்டுகிற ஒவ்வோர் எழுத்தையும் ஒட்டுக்கேட்கலாம் என்பது அதற்குள் அடங்கியிருக்கும் சங்கதி. ஸ்ரீபெரும்புதூர் ராமானுஜர் அவதரித்த தலம். காக்கச் சொன்ன மந்திரத்தைத் திருக்கோஷ்டியூர் கோபுரத்தில் ஏறி எல்லோருக்கும் சொன்னவர் என்று வைணவ மரபு அவரைக் கொண்டாடுகிறது. பாதுகாப்புத் தணிக்கைக்கு வருகிறவர்கள் இந்த முன்னுதாரணத்தை ஏற்பதில்லை.

டீக்கு முன் திறந்தது, டீக்குப் பின் திறக்கவில்லை என்பது தனி ரகம். லினக்ஸ் மேஜைக் கணினியிலிருந்து எஸ்எஸ்எச்சில் சிறிய எக்ஸ் போட்டு நுழைந்தால், சில லினக்ஸ் வகைகளில் இருபது நிமிடத்துக்குப் பிறகு புது ஜன்னலுக்கு அனுமதி இல்லை. கேன்டீன் வரிசையில் நின்று வர அதற்கு மேலேயே ஆகும். சிறிய எக்ஸுக்குப் பதில் பெரிய ஒய் போட்டால் தீரும். அண்ணன் நம்பும் காரணம் வேறு: “நான் எழுந்து போனதும் நீ என்னமோ பண்ணிட்ட.”

டிஸ்க் நிரம்பிப்போவது கடைசி வகை. குக்கீயை எழுத இடமில்லாமல் திரை அடம்பிடிக்கும். இடத்தை அடைத்திருப்பவை ‘ஃபைனல்’, ‘ஃபைனல்2’, ‘ஃபைனல்_ஓகே’ என்ற பெயரில் மூன்று வருட சோதனை முடிவுகளும், ஒரு காதுகுத்து வீடியோவும். எதை அழிப்பது என்ற பஞ்சாயத்து இரண்டு ஷிப்டுகளைத் தாண்டும்.

எல்லாம் முடிந்ததும் டிக்கெட்டை மூட வேண்டும். காரணப் பட்டியலில் பிரின்டர், மெயில், பாஸ்வேர்டு, நெட்வொர்க் ஆகிய நான்குதான் உண்டு. ஐ.டி. தம்பி நெட்வொர்க்கைத் தேர்ந்தெடுப்பார். மாதக் கடைசி மீட்டிங்கில் நெட்வொர்க் காண்ட்ராக்டர் வாங்கிக் கட்டிக்கொண்டு, டூல்ரூமில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த கேபிளை மாற்றிவிட்டுப் போவார்.