சட்டி பழக்குகிறவர்

ஐம்பது வயதை நெருங்கும்போது நம் ஊர் ஆண்களுக்கு ஏதாவது ஓர் ஈடுபாடு வந்து ஒட்டிக்கொள்ளும். சிலர் விடியற்காலையில் நடக்கப் போவார்கள். சிலர் ஜோதிடம் படிப்பார்கள். சிலர் மொட்டை மாடியில் கத்தரிச்செடி வைப்பார்கள். இவர்களால் குடும்பத்துக்குப் பெரிய சேதம் இல்லை. நான்காவது வகையார் பாத்திரம் வாங்குவார்கள். இவர்களைப் பற்றித்தான் ஊரை எச்சரிக்க வேண்டியிருக்கிறது.

அடையாளம் கண்டுகொள்வது சுலபம். வீட்டுக்கு வந்தவரை மற்றவர்கள் "காபி சாப்பிடுறீங்களா?" என்று கேட்பார்கள். இவர், "உங்க வீட்ல தோசைக்கல்லு எதுல சார்?" என்பார். "நான்ஸ்டிக்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் அவர் முகத்தில் துக்கம் விசாரிக்கும் களை வந்துவிடும். டெஃப்லான் 1938-இல் தற்செயலாகக் கண்டுபிடிக்கப்பட்ட கதையில் தொடங்குவார். 260 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அந்தப் பூச்சு சிதைய ஆரம்பிக்கும் என்று முடிப்பார். நம் தோசைக்கல் எத்தனை டிகிரியில் காய்கிறது என்று நாம் பார்த்ததில்லை. அவர் பார்த்திருக்கிறார். கொரோனா சமயத்தில் கடை வாசலில் நம் நெற்றிக்கு நேரே ஒன்றை நீட்டினார்களே, அதன் மூத்த அண்ணன் ஒன்றை இதற்கென்றே வாங்கி வைத்திருக்கிறார்.

இந்த நோய் பெரும்பாலும் கும்பகோணத்தில் தொற்றுகிறது. நவக்கிரகக் கோயில்களைத் தரிசிக்கக் குடும்பத்தோடு போனவர், ஏழை முடித்த நிலையில் பாத்திரக் கடை ஒன்றில் நுழைந்தார். வெளியே வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. கார் டிக்கியில் ஒரு வெங்கலப் பானை, ஓர் உருளி, ஓர் ஈயச் சொம்பு. பெட்டிகள் பிள்ளைகளின் மடியில். தரிசிக்காமல் விட்டுப்போன இரண்டு தலங்களில் ஒன்று திருநள்ளாறு. அதன் பலனை வீட்டார் இன்றுவரை அனுபவிக்கிறார்கள்.

அதன்பிறகு எந்த ஊர்ப் பயணமும் வெறும் கையோடு முடிவதில்லை. சேலத்துப் பக்கம் கல்யாணம் என்றால் கல்சட்டி வரும். மதுரைக்குப் போனால் அப்படியே மானாமதுரைக்கு வண்டியைத் திருப்பி மண்சட்டி வாங்குவார். மானாமதுரை மண்பாண்டங்களுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருப்பதைச் சுங்கச்சாவடி ஊழியரிடமும் சொல்லிவிட்டுத்தான் வருவார்.

வாங்கி வந்தால் சமைக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். அவசரப்படக் கூடாது. முதலில் பழக்க வேண்டும்.

கல்சட்டிக்கு மஞ்சளும் விளக்கெண்ணெயும் குழைத்துப் பூசி வெயிலில் வைக்க வேண்டும். கழுவிவிட்டு மறுபடி பூச வேண்டும். பிறகு சில நாட்கள் தினமும் சூடான வடிகஞ்சி ஊற்றி ஆறவிட வேண்டும். அதற்கப்புறம்தான் அடுப்பு, அதுவும் இளந்தீயில். இரும்புத் தோசைக்கல்லைக் கஞ்சியில் ஊறப்போட்டு, தேங்காய் நாரால் தேய்த்து, நல்லெண்ணெய் தடவிக் காயவைத்து, பாதி வெங்காயத்தால் அழுத்தித் துடைக்க வேண்டும். சூட்டில் எண்ணெய் இறுகி இரும்பின்மேல் மெல்லிய படலமாக ஒட்டிக்கொள்ளும். அப்படிப் படலம் படலமாக ஏறினால்தான் தோசை ஒட்டாமல் கிளம்பும். மண்சட்டியைத் தண்ணீரில் மூழ்க வைத்து எடுக்க வேண்டும். ஆக, அந்த வீட்டில் எந்த நேரமும் ஒரு பாத்திரம் ஊறிக்கொண்டிருக்கும், ஒன்று வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும், ஒன்று எண்ணெய் பூசிக்கொண்டு காத்திருக்கும். எல்லாவற்றுக்கும் கஞ்சி வேண்டும் என்பதால், குடும்பமே தினமும் சோறு வடிக்கிறது. வடிப்பது பழைய எவர்சில்வர் பாத்திரத்தில்.

பழக்கி முடித்த சட்டியில் சமையல் நடக்கும் என்று நினைப்பது அடுத்த தவறு. அது முடியும் நேரத்தில் இன்னொரு சட்டி வந்திருக்கும்.

இதில் உள்ள சிக்கல் என்னவென்றால், அவர் சொல்வதில் ஒன்றுகூடப் பொய்யில்லை. கல்சட்டியில் வத்தக்குழம்பு வைத்து, அடுப்பை அணைத்தபின்பும் அது தளதளவென்று கொதிப்பதைக் காட்டுவார். கொதிக்கத்தான் செய்கிறது. மாக்கல் சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும்; கொஞ்சம் முன்னாலேயே அடுப்பை அணைத்துவிடலாம். பித்தளையில் ஈயம் பூசாமல் புளி சேர்த்துச் சமைக்கக் கூடாது என்பார். அதுவும் சரி. அந்தக் காலத்தில் துருத்தியும் நவச்சாரமும் எடுத்துக்கொண்டு ஈயம் பூசுகிறவர் தெருத்தெருவாக வந்தது அதற்காகத்தான். உளுந்தை மிக்சியில் அரைத்தால் மாவு சூடாகிவிடும், கல்லில் அரைத்தால்தான் பொங்கி வரும் என்பார். இட்லியும் அதற்குச் சாட்சி சொல்கிறது. மின்சாரத்தில் ஓடுவதில் அவர் மதிக்கும் ஒரே சாதனம் கோயம்புத்தூர் வெட் கிரைண்டர். உள்ளே இருப்பது கல் என்பது ஒரு காரணம். அதற்கும் புவிசார் குறியீடு இருக்கிறது என்பது மறு காரணம். ஏர் ஃப்ரையர் வாங்கிய மைத்துனரோடு பேச்சுவார்த்தை குறைந்துவிட்டது.

ஈயச் சொம்பு விஷயத்திலும் அவர் எல்லாம் அறிந்தவர். இது காரீயம் இல்லை, வெள்ளீயம். 232 டிகிரியில் உருகிவிடும். உள்ளே ரசம் இருக்கும்வரை சூடு நூறைத் தாண்டாது, சொம்புக்கு ஆபத்தில்லை. ஆகவே புளித்தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். இதை ஒரு நாள் அலுவலக நண்பருக்கு செல்போனில் விளக்கிக்கொண்டே, வெறும் சொம்பை அடுப்பில் வைத்துப் பற்றவைத்தார். உபதேசம் முடியும்போது சொம்பு பர்னரைச் சுற்றிப் பளபளவென்று வழிந்திருந்தது. அதில் அவர் கலங்கவில்லை. "பாத்தியா, எவ்வளவு சீக்கிரம் உருகுது! கலப்படம் இல்லாத சரக்கு" என்று மனைவியிடம் சொன்னார். மனைவி ஒன்றும் சொல்லாமல் குக்கரை எடுத்து அடுத்த அடுப்பில் வைத்தார்.

அந்தக் குக்கரைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூன்று லிட்டர், ஒரு பக்கம் நசுங்கியது, பிடி இரண்டு முறை மாற்றியது. மூடிய பாத்திரத்துக்குள் ஆவி அழுத்தம் ஏறி ஏறக்குறைய 120 டிகிரியில் பருப்பைக் குழைத்துவிடும் இந்தச் சாதனத்தை அவர் பாத்திரமாகவே கணக்கில் சேர்ப்பதில்லை. அவர் சாப்பிடும் பருப்பு மட்டும் தினமும் அதிலிருந்துதான் வருகிறது.

பாத்திரம் தேய்க்க வரும் அம்மா முதல் ஆறு மாதம் பொறுத்துப் பார்த்தார். கல்சட்டிக்குக் கம்பி நார் ஆகாது. மண்சட்டிக்குச் சோப்பு ஆகாது, உறிஞ்சிக்கொள்ளும். இரும்பை ஈரத்தோடு வைத்தால் துருப்பிடிக்கும். வெங்கலத்துக்குப் புளி. இதையெல்லாம் அட்டவணையாக அச்சடித்துத் தொட்டிக்கு மேலே ஒட்டியிருந்தார். அந்த அம்மா அதை ஒருமுறை முழுக்கப் படித்தார். "புள்ள பெத்தவளுக்குக்கூட இவ்வளவு பத்தியம் கிடையாது சார். இந்தச் சட்டிக்கெல்லாம் தனிச் சம்பளம் போட்டுக் குடுங்க" என்றார். நியாயம் என்பதால் சம்பளம் கூட்டப்பட்டது. வீட்டுச் செலவில் அது 'பாரம்பரியம்' என்ற தலைப்பில் வருகிறது.

இவரை அசைக்கக்கூடிய ஒரே ஆள் அவருடைய தாயார். ஊரிலிருந்து வந்தவர், அலமாரியில் வரிசையாக நின்ற உருளிகளையும் பானைகளையும் பார்த்தார். மகன் பெருமையோடு விலையைச் சொன்னார். "இதே மாதிரி ஆறு உருப்படிய எடைக்குப் போட்டுத்தாண்டா உனக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டுனேன்" என்றார் அம்மா. "அதத் தூக்கித் தூக்கி இடுப்பு போச்சு. மொத மொத எவர்சில்வர் வந்தப்போ எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?"

மகன் விடவில்லை. அந்த வீட்டில் ஒட்டாமல் தோசை வருகிற கல் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது அம்மா ஊரில் வைத்திருந்து மருமகளுக்குக் கொடுத்தது. அதை எப்படிப் பழக்கினீர்கள், எத்தனை நாள் கஞ்சி, எந்த எண்ணெய் என்று நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தார்.

அம்மாவுக்குக் கேள்வியே புரியவில்லை. "பழக்குறதாவது? தெனமும் தோசை சுட்டேன்" என்றார்.

அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

பாத்திரத்தின் மேல் குறை ஒன்றும் இல்லை. கல்சட்டிக் குழம்பு ருசிதான், இரும்புக்கல் தோசை முறுகல்தான். வாங்க நினைக்கிறவர்கள் தாராளமாக வாங்குங்கள். ஒன்றை வாங்கி, அதில் தினமும் சமைத்து, அது பழகிய பிறகு அடுத்ததைப் பற்றி யோசியுங்கள். கடைக்காரரிடம் விலை கேட்பதற்கு முன்னால், வீட்டில் அதைத் தூக்கப்போகிறவரிடமும் தேய்க்கப்போகிறவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அந்த இருவரும் நீங்களே என்றால் யாரையும் கேட்க வேண்டியதில்லை.