சோப்புக்கு அடங்காத கடல்

தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவனுக்குக் கடல்மேல் ஒரு தீராத குறை உண்டு. பொதிகையில் பிறந்து, 128 கிலோமீட்டர் தூரம் வயலும் வாழையும் செழிக்க ஓடிவந்த ஆற்றைப் புன்னைக்காயலில் வாங்கி உப்பாக்கிவிடுகிறதே என்று. ஆனாலும் கூட்டமில்லாத கடற்கரைக்குப் போயே ஆகவேண்டும் என்று வீட்டில் பிள்ளைகள் ஒற்றைக்காலில் நின்றார்கள். திருச்செந்தூரில் கடல் பார்ப்பதென்றால் பாதி நேரம் அடுத்தவர் முதுகைத்தான் பார்க்கவேண்டும். எனவே மணப்பாடு என்று முடிவாயிற்று.

சித்தப்பாவும் ஏறிக்கொண்டார். துண்டு, எண்ணெய்க் குப்பி, டப்பாவில் சோப்பு. ஆற்றில் குளிக்கக் குறுக்குத்துறைக்குப் போகிற அதே ஆயத்தம். வழியில் ஸ்ரீவைகுண்டத்தில் காபி. ஆழ்வார்திருநகரியில் ஒரு கும்பிடு. குலசேகரன்பட்டினம், 2024-இல் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டிய ஊர். அதன் பக்கத்தில் நாங்கள் பதநீர் குடிக்க நின்ற நேரத்தில் ஒரு ராக்கெட் சுற்றுப்பாதைக்கே போய்ச் சேர்ந்திருக்கும்.

மணப்பாட்டில் மணல்மேட்டின் உச்சியில் 1581-இல் எழுந்த திருச்சிலுவை ஆலயம். கீழே கரை நீள ஆளே இல்லை. சுண்டல் இல்லை, பலூன் இல்லை, நிழலும் இல்லை. காற்று மட்டும் தாராளம். புளியோதரையில் கடலைப்பருப்பு எது, மணல் எது என்று பல் சொல்லித்தான் தெரிந்தது.

சித்தப்பா முழங்கால் அளவுத் தண்ணீரில் இறங்கிச் சோப்பைத் தேய்த்தார். நுரை வரவில்லை. இன்னும் அழுத்தித் தேய்த்தார். வெள்ளையாகத் திரிதிரியாக ஏதோ கையில் ஒட்டியது. கடல்நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்பைப் பிடித்துக்கொள்ளும், நுரைக்க விடாது என்று ஏழாம் வகுப்புப் பேத்தி விளக்கினாள். அதற்குள் ஓர் அலை வந்து சோப்பையே பிடித்துக்கொண்டு போயிற்று.

"ஏல, இதுல குளிச்சா பொறவு நல்ல தண்ணியில குளிக்கணுமாம்லா? அப்பம் இதுல எதுக்குல குளிக்க?" என்றார். பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

1542-இல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார் தங்கியதாகச் சொல்லப்படும் குகை அங்கே இருக்கிறது. உள்ளே ஒரு நல்ல தண்ணீர்க் கிணறும் உண்டு. அதைக் கேட்டதும் சித்தப்பாவுக்குத் தெம்பு வந்துவிட்டது. "பாத்தியா! புனிதரே கடல நம்பி இருக்கல."

திருச்செந்தூரில் கடலாடிய பிறகு நாழிக்கிணற்றில் குளிக்கவேண்டும் என்று விதித்த முன்னோர்களும் சித்தப்பா கட்சிதான். ஆகவே வண்டி நேராக அங்கே திரும்பியது. உப்புப் பூத்த முதுகோடு வரிசையில் நின்ற சித்தப்பா, கூட்டத்தைக் கண்டதும் முகம் மலர்ந்துபோனார். முன்னால் நின்றவரிடம் பேச்சுக் கொடுத்தார்:

"அண்ணாச்சி, மணப்பாடுன்னு ஒரு எடம் இருக்கு. ஒரு ஈ காக்கா கெடயாது. அடுத்த வாட்டி ஒரு பஸ் பிடிச்சு ஊரோட போயிட்டு வாங்க."