வீக் ஆஃப் மெக்கானிக்

ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடைப்பட்ட குடியிருப்புகளில், வார விடுமுறை நாளின் காலை ஏழு மணிக்கு ஒரு காரின் பானட் திறந்திருந்தால், அதற்குள் தலையைக் கொடுத்து நிற்பவர் வீக் ஆஃப் மெக்கானிக் என்று அறிக. இடுப்பில் லுங்கி, காலில் சேஃப்டி ஷூ. முதுகில், பாதுகாப்பு வாரத்துக்காகக் கம்பெனி கொடுத்த டி-ஷர்ட். வாயில் செல்போன், டார்ச் எரிந்தபடி. கேள்வி கேட்டால் பதில் மூக்கு வழியாகத்தான் வரும். அவர் மெக்கானிக் அல்லர். கார் தொழிற்சாலையிலோ, அதற்குப் பாகம் செய்துகொடுக்கும் கம்பெனியிலோ ஆறு நாளும் ஷிஃப்ட் பார்த்தவர். ஏழாம் நாள், தன் ஹைபிரிட் காரில் கூலன்ட் ஒழுகுவதைத் தானே சரிசெய்ய இறங்கியிருக்கிறார். தெரு இவரைக் கஞ்சர் என்கிறது. வீடு கிறுக்கர் என்கிறது. இரண்டுமே தவறு என்பது என் கட்சி. வாழ்நாளில் ஒருமுறையாவது ஒரு காரை முழுதாகப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசைதான் இவரை அந்த பானட்டுக்குள் தள்ளுகிறது. அந்த ஆசையை ஊட்டியது இந்தத் தொழில் வட்டாரமேதான்.

கணக்கு போட்டுப் பார்க்கலாம். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய்க்கு 1996-ல் அடிக்கல் நட்டார்கள்; 1998-ல் சான்ட்ரோ வெளியே வந்தது. இன்று அந்த வளாகத்துக்கு ஆண்டுக்கு 8 லட்சத்துக்கும் அதிகமான கார்களைச் செய்யும் திறன் உண்டு. ஓர் ஆண்டில் 5,25,600 நிமிடங்கள். பொங்கல், ஆயுத பூஜை, டிசம்பர் மழை எதையும் கழிக்காமல் வகுத்தால்கூட நிமிடத்துக்கு ஒன்றரைக் கார் வருகிறது. வேலையைப் பொடிப்பொடியாக நறுக்கினால் ஒழிய இந்த வேகம் நடக்காது. ஒருவர் ஒரு ஸ்டேஷனில் நிற்பார். கார் அவரைக் கடப்பதற்குள் நான்கு போல்ட் முடுக்குவார். அடுத்த கார் வரும். அதே நான்கு போல்ட். பத்தாண்டில் லட்சக்கணக்கான கார்களைத் தொட்ட கை அது. ஆனால் ஒரு காரைக்கூட அது அறிந்ததில்லை. மாமல்லபுரத்தில் பத்து வருஷம் உளி பிடித்தும், யானையின் இடது காதை மட்டுமே செதுக்கிய சிற்பியின் நிலைமைதான். இத்தனைக்கும் இதே ஊரில் தொழிற்சாலைக்கு முன்பே, 1990-லேயே, மோட்டார் பந்தயத் தடம் வந்துவிட்டது. எஞ்சினை இறக்கிப் பிரித்து, திரும்பப் பூட்டி, மறுநாள் ஓடவிடும் ஜாதி மெக்கானிக்குகள் அங்கே உண்டு. ஒரே ஊரில் முழுக் காரை அறிந்தவர்கள் சிலர், கால்வாசி போல்ட்டை அறிந்தவர்கள் பல்லாயிரம் பேர். இந்த இரண்டாம் வகையினரிடம் ஒரு புழுக்கம் இல்லாமல் போகுமா?

அவர் குடியிருக்கும் தெருவைப் பாருங்கள். எதிர்வீட்டுக்காரர் கண்ணாடி கம்பெனி, பக்கத்து வீட்டுக்காரர் டயர், மாடியில் இருப்பவர் சீட், மூலை வீட்டுக்காரர் பெயின்ட் ஷாப்பில் தூசி பார்ப்பவர். தெருவையே ஒன்றாகக் கோத்தால் ஒரு கார் வரும். ஆகவே பானட் திறந்த ஐந்தாவது நிமிடத்தில் ஒரு மாநாடு கூடிவிடும். ஆளுக்கொரு யோசனை; எல்லா யோசனையும் அவரவர் பாகத்திலேயே தொடங்கி அவரவர் பாகத்திலேயே முடியும். பெயின்ட் ஷாப்காரர் கடைசிவரை பானட்டின் மேல்பக்கத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பார். இன்னொரு வேடிக்கை: வாசலில் நிற்கும் வண்டி இந்த ஊரில் பிறந்ததே அல்ல. நம் சாலைகளில் அதிகம் தென்படும் ஸ்ட்ராங் ஹைபிரிட்களான இன்னோவா ஹைகிராஸ், ஹைரைடர், கிராண்ட் விட்டாரா மூன்றும் கர்நாடகத்து பிடதியில், டொயோட்டா ஆலையில் பிறந்தவை. வெளியூர் மருமகளின் மனம் போல அவற்றின் உள்ளே என்ன ஓடுகிறதென்று தெருவில் ஒருவருக்கும் பிடிபடாது.

கசிவை முதலில் கண்டுபிடிப்பது பெரும்பாலும் இவர் அல்லர், கோலம். வெள்ளைப் புள்ளிகளுக்கு நடுவே விடிவதற்குள் ஒரு ஈரம் பரவியிருக்கும். உடனே இவர் தொழிற்சாலையில் கற்ற ஒய்-ஒய் அனாலிசிஸைத் தொடங்குவார். ஏன் ஈரம்? ஏன் அங்கே? ஏன் நேற்று இல்லை? ஐந்து முறை ஏன் கேட்டால் மூல காரணம் பிடிபடும் என்பது டொயோட்டா உலகுக்குக் கொடுத்த முறை. டொயோட்டா வண்டிக்கே அது திரும்பி வருவதில் ஒரு நியாயமும் இருக்கிறது. ஆறாவது ஏனை மட்டும் மனைவி கேட்பார்: “ஏங்க, சர்வீஸுக்கு விட்டா என்ன?” அது அனாலிசிஸ் படிவத்தில் ஏறாது. நம் ஊர்ப் புழுக்கத்தில் காரின் கீழே தேங்கும் ஈரத்தில் பெரும்பாலானது ஏசி சொட்டிய வெறும் தண்ணீர்தான். நிறம் இருக்காது, விரலில் வழுக்காது. ஆகவே முதல் ஞாயிறு பெரும்பாலும் ஏசித் தண்ணீரை ஆராய்ந்தே கழிந்துவிடும். டொயோட்டா கூலன்ட் என்றால் இளஞ்சிவப்பாக இருக்கும். காய்ந்தால் ஹோஸ் மூட்டில், ஈரச்சுவரில் உப்புப் பூத்ததுபோலப் படிந்து நிற்கும். முகர்ந்தால் இனிப்பு வாடை. நக்கிப் பார்க்கும் வீரர்களும் உண்டு என்பதால் சொல்கிறேன்: அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் விஷம். காரின் அடியில் படுத்துறங்கும் தெருநாய்க்கு அந்த இனிப்பு எமன். இந்த ஒரு காரணத்துக்காகவேனும் ஒழுகலை அடுத்த சர்வீஸ்வரை தள்ளிப்போடக் கூடாது.

இனிதான் கதையின் கனமான இடம். பழைய காருக்கு ஒரு கூலன்ட் சுற்று. பல ஹைபிரிட்களுக்கு இரண்டு. ஒன்று எஞ்சினுக்கு. இன்னொன்று, பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்ற வடிவில் மாற்றிக் கொடுக்கும் இன்வர்ட்டரைக் குளிர்விக்க. அதற்குத் தனித் தொட்டி, தனி மின் பம்ப். வீக் ஆஃப் மெக்கானிக்கின் முதல் சறுக்கல் இங்கேதான். எஞ்சின் தொட்டியில் அளவு சரியாக இருப்பதைக் கண்டு அகமகிழ்ந்து அவர் பானட்டை மூடுவார், ஒழுகுவது மற்றது. இன்வர்ட்டர் சுற்று லேசுப்பட்டதல்ல. அதன் பம்ப் நின்றுபோகும் அபாயத்துக்காக டொயோட்டா 2012-ல் உலகெங்கும் லட்சக்கணக்கான பழைய ஹைபிரிட் கார்களைத் திரும்ப அழைத்தது. கூலன்டில் அந்தக் கம்பெனிக்கு இருந்த ஈடுபாடும் கொஞ்சநஞ்சமல்ல. அமெரிக்காவில் விற்ற இரண்டாம் தலைமுறை பிரியஸில், சூடான கூலன்டை மூன்று நாள் வரை ஆறாமல் காக்க ஒரு ஃபிளாஸ்க்கே வைத்திருந்தார்கள். டீக்கடைக்காரர் அறிந்தால் காப்புரிமை கேட்டிருப்பார். இத்தகைய வண்டியிடம் போய் லாரி டிரைவர்களின் பழைய கைவைத்தியத்தை, அதாவது ரேடியேட்டரில் மஞ்சள்தூள் கொட்டுவதை, மாநாட்டில் ஒருவராவது சொல்லாமல் இருக்க மாட்டார். தூள் ஓட்டையை அடைக்கும், உண்மைதான். ஓட்டை எது, வழி எது என்று மஞ்சளுக்குத் தெரியாது. நம் ஆள் அதை மறுத்துவிடுவார். போர் தண்ணீரையும் ஊற்ற விடமாட்டார். இந்தப் பக்கத்துப் போர் தண்ணீர் குக்கரின் அடியில் வெள்ளைப் படலம் கட்டுவதைத் தினமும் பார்ப்பவர் அவர். இங்கே அவருடைய தொழிற்சாலைப் படிப்பு கைகொடுக்கிறது.

ஆட்சேபங்களுக்கு வருவோம். கஞ்சத்தனம் என்பது முதல் குற்றச்சாட்டு. கஞ்சனாக இருந்தால் ஒரு கிளாம்பை மாற்றுவதற்காக டார்க் ரெஞ்ச், பிரஷர் டெஸ்டர், கிளாம்ப் பிளையர், இரண்டு ஜாக் ஸ்டாண்ட், நீளக்கழுத்துப் புனல் எல்லாம் வாங்குவானா? சர்வீஸ் பில் அந்தச் செலவின் முன் வெட்கப்படும். அவர் டார்க் ரெஞ்ச் வாங்கியதற்குக் காரணமே வேறு. லைனில் போல்ட்டை எவ்வளவு முடுக்குவது என்பதை முடுக்கும் கன்னே தீர்மானிக்கிறது. அளவு வந்ததும் தானே நின்றுகொள்கிறது. கைக்கு அங்கே மரியாதை இல்லை. வீட்டில் அளவு வந்ததும் டார்க் ரெஞ்ச் எழுப்பும் ‘டக்’ சத்தம் அவர் கைக்காகக் கேட்கிறது. மிச்சமாகும் ஸ்க்ரூக்களும் அப்படித்தான். தொழிற்சாலையில் ஒரு ஸ்க்ரூ மிஞ்சினால் லைன் நிற்கும், விசாரணை வரும். வீட்டில் அது ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குப் போகும். பாட்டில் நிறைவதை அனுபவம் கூடுவதாக எடுத்துக்கொள்வார்.

ஆபத்து என்பது இரண்டாவது ஆட்சேபம். இதற்கு நான் பாதித் தலையை ஆட்டியே தீர வேண்டும். 2010-ல் இந்தியாவுக்கு வந்த பிரியஸில் சுமார் 200 வோல்ட் பேட்டரி மின்சாரத்தை 650 வோல்ட் வரை ஏற்றும் ஏற்பாடு இருந்தது. ஆரஞ்சு நிற வயர் என்றால் எட்ட நில் என்று பொருள். சுங்குவார்சத்திரத்துச் சாலையோர மெக்கானிக் அந்த ஆரஞ்சைப் பார்த்ததும் பானட்டை மெதுவாக மூடிவிட்டு, டீ சொல்லப் போய்விட்டால் அது கோழைத்தனம் ஆகாது. போதாததற்கு, ஹைபிரிட் நிற்பது தூங்குவதாகாது. ரெடி விளக்கு எரிந்தால் சத்தமில்லாமல் கிடந்த எஞ்சின் எந்த நொடியும் விழித்துக்கொள்ளும், கையிருக்கும் இடத்தில் ஃபேன் சுற்றும். சூட்டோடு மூடியைத் திறப்பவருக்கு அழுத்தத்தில் அடங்கிக் கிடந்த கூலன்ட் முகத்தில் பாயும். எல்லாம் மெய். ஆனால் இந்த ஆபத்தைக் கையாளும் பழக்கம் யாரிடம் இருக்கிறது? மெஷினைத் தொடும் முன் மெயின் சுவிட்சைப் பூட்டி, தன் பெயர் எழுதிய அட்டையைத் தொங்கவிட வேண்டும் என்று வருஷம்தோறும் வகுப்பெடுக்கப்பட்டவர் இவர்தான். ஆகவே கூர்மையான வீக் ஆஃப் மெக்கானிக், ஸ்மார்ட் கீயை முதலில் சமையலறை அரிசி டிரம்முக்குள் போட்டுவிட்டு வருவார். எஞ்சின் கை பொறுக்கும் அளவுக்கு ஆறும்வரை மூடியைத் தொட மாட்டார். ஹோஸ், கிளாம்ப், மூடி, தொட்டி என்ற நாலோடு நிற்பார். ஒழுகல் பம்பிலோ இன்வர்ட்டரின் உள்ளேயோ என்று தெரிந்தால் வண்டியை டோவிங்கில் ஏற்றுவார். ஏற்றிய பிறகும் பின்னாலேயே பைக்கில் போவார் என்பது வேறு விஷயம். ஆறாத எஞ்சினின் மூடியில் லுங்கி முனையைச் சுற்றித் திருகுகிறவரும் உண்டு. அவருக்காக நான் வாதாடவில்லை.

வாரண்டி போய்விடுமே என்பார்கள். வாரண்டியில் இருக்கும் வண்டியை இவர் தொட மாட்டார். அது முடியும் தேதியை நாட்காட்டியில் வட்டமிட்டுக் காத்திருப்பார்.

வேலை முடிந்தபின் காற்றை வெளியேற்றும் சடங்கு ஒன்று உண்டு. சுற்றில் காற்று சிக்கினால் டாஷ்போர்டுக்குப் பின்னே வயிறு பொருமுவதுபோல் குடுகுடுவென்று கேட்கும். பம்பை ஓடவிட்டு, குமிழ் வரவர ஊற்றிக்கொண்டே, இரண்டு தொட்டிகளிலும் மார்க்கர் பேனாவால் கோடு கிழித்துத் தேதி எழுதுவார். அடுத்த வீக் ஆஃப் வரை தினமும் டார்ச் அடித்துப் பார்ப்பார். கோடு இறங்காவிட்டால் வெற்றி. இறங்கினால் ஏழாவது ஏன். மறுநாள் விடியற்காலை கம்பெனி பஸ் வரும்; அவர் ஏறிப் போய் நான்கு போல்ட் முடுக்குவார். வாசலில் கோலம் இப்போதெல்லாம் இரண்டடி தள்ளியே போடப்படுகிறது.