ஆலிவ் என்று ஒரு பச்சை

நேற்று வந்த பார்சலில் ‘மீடியம் ஆலிவ்’ என்று சீட்டு ஒட்டியிருந்தது. உள்ளே இருந்தது பழுப்பு. ஒரு மில்லிமீட்டர் தடிமனில் ஒரு மீட்டர் பிளாஸ்டிக் டியூப். விலையை இங்கே எழுதினால் வீட்டில் படித்துவிடுவார்கள், எழுதப் போவதில்லை. இதே கடையில், இதே பெயரில் முன்பு வாங்கியதன் மிச்சம், தூண்டில் முள்ளைப் பிடித்து வைக்கும் வைஸ் பக்கத்திலேயே கிடக்கிறது. இரண்டையும் ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தேன். ஒன்றுக்கொன்று ஸ்நானப்ராப்திகூட இல்லை.

போன் போட்டேன். எடுத்த தம்பி, “பேட்ச் மாறினா கலர் கொஞ்சம் மாறும் சார்” என்றான். அதோடு விட்டிருக்கலாம். “மீனுக்கெல்லாம் தெரியாது சார்” என்று ஆறுதல் வேறு. மீனுக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியாதா? மீனுக்காக யாரப்பா முள்ளில் நூலும் இறகும் சுற்றிப் பொய்ப்பூச்சி, அதாவது ஃப்ளை, கட்டுகிறார்கள்?

டியூபை முள்ளில் சுற்றும்போது ஃப்ளையின் உடம்பு வால் பக்கம் மெலிந்து தலைப் பக்கம் தடித்து வருவது எப்படி என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். நண்பர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். சொல்கிறேன். அதற்கு முன்னால் இந்த ஆலிவ் பஞ்சாயத்தை முடித்துவிடுகிறேன்.

ஆலிவை நான் நேரில் பார்த்தது பீட்சா மேல்தான். அங்கே அது கறுப்பு. ஆனால் என் டப்பாவில் லைட் ஆலிவ், டார்க் ஆலிவ், கோல்டன் ஆலிவ், பிரவுன் ஆலிவ் எல்லாம் இருக்கின்றன. உங்கள் டப்பாவிலும் இருக்கும், மறைக்க வேண்டாம். இதற்கெல்லாம் மூலகாரணம் இங்கிலாந்துக்காரர்கள். அவர்கள் ஊர் ஆற்றில் பறக்கும் மேஃப்ளைப் பூச்சிகளுக்கு லார்ஜ் டார்க் ஆலிவ், புளூ விங்டு ஆலிவ் என்று பெயர் சூட்டிவிட்டுப் போனார்கள். அவர்களுடைய ஹாம்ப்ஷயர் ஒன்றும் ஆலிவுக்குப் பேர்போன சீமை இல்லை. பூச்சி அங்கே, பெயர் மத்தியதரைக் கடலில், கட்டுகிறவன் குன்னூரில்.

ஒரு கம்பெனியின் லைட், இன்னொரு கம்பெனியின் டார்க். ஒருவனுடைய கோல்டன் ஆலிவில் தங்கமும் கிடையாது, ஆலிவும் கிடையாது. மேட்சிங் சென்டரில் பெண்கள் புடவைத் தலைப்பை வாசலுக்கு எடுத்துப் போய் வெயிலில் வைத்துப் பார்ப்பார்களே, அந்த வேலையைத்தான் நானும் செய்கிறேன். அவர்களுக்காவது கடைக்காரர் பத்துத் துணியைப் பிரித்துப் போடுவார். எனக்குக் கிடைப்பது போன் திரையில் ஒரு படம். அதன் கீழே, அசல் நிறம் மாறுபடலாம் என்று பொடி எழுத்தில் ஒரு வரி.

சரி, நிறம் சரியாகவே வந்துவிட்டது என்று வையுங்கள். லார்வா லேஸ் மாதிரியான மெல்லிய டியூபை இழுத்தால் வெளுக்கும். நுனியைச் சாய்வாக வெட்டி, முள்ளின் வளைவில் கட்டி, அறுந்துவிடுமோ என்கிற அளவுக்கு இழுத்து முதல் சுற்றுகளைப் போட்டால் அங்கே அது லைட் ஆலிவ். பிடியைத் தளர்த்திக்கொண்டே தலைப் பக்கம் வர வர டார்க் ஆலிவ். அடியில் சுற்றிய நூல் கறுப்பா சிவப்பா என்பதைப் பொறுத்து அதுவும் மாறும். நனைந்தால் வேறொன்று. ஆக, மீடியம் எந்தச் சுற்றில் இருக்கிறது? அரை விரல் நீள முள்ளில் அதைத் தேடவா நான் காசு கொடுத்தேன்?

உள்ளூரில் வாங்கக் கூடாதா என்பீர்கள். வாங்கிப் பார்க்காமலா இருப்பேன்? மோட்டார் காயில் கட்டுகிறவர்கள் வாங்கும் ஸ்லீவ், பழைய சைக்கிள் கடையின் வால்டியூப், மீன்தொட்டிக் கடையின் ஏர் டியூப் எல்லாம் மேஜை இழுப்பறையில் தூங்குகின்றன. மருந்துக் கடையில் டிரிப் டியூப் மட்டும் கேட்டபோது, “பேஷண்ட் யாரு சார்?” என்றார்கள். ட்ரவுட் மீன் என்று சொல்ல முடியுமா? மலிவு, உறுதி, எல்லாம் சரிதான். அவற்றில் எதுவும் ஆலிவில் வருவதில்லை.

எளிமைக்கு ஃபிராங்க் சாயரைப் பாருங்கள் என்று உபதேசம் செய்கிறவர்கள் உண்டு. வில்ட்ஷயரில் ஏவன் ஆற்றைக் காவல் காத்தவர். ஃபெசன்ட் பறவையின் வால் இறகும் மெல்லிய செம்புக் கம்பியும் போதும் அவருக்கு, தனியாக நூல்கூட வேண்டாம். எளிமைதான். அதே சாயர், கில்லர் பக் என்று ஒன்று கட்டினார். அதற்குச் சாட்விக்ஸ் 477 என்ற கம்பளி நூல், கிழிந்த காலுறை தைப்பதற்கு விற்றது. அந்த நூல் தயாரிப்பு நின்றதும் நம் ஆட்கள் மிச்சமிருந்த அட்டைகளைக் கொள்ளை விலை கொடுத்து வாங்கிப் பூட்டி வைத்தார்கள். எளிமையை நம் கையில் கொடுத்தால் அதையும் ஏலத்துக்குக் கொண்டுவந்துவிடுவோம்.

சாம்பல் காட்டுக்கோழி கதை இதைவிட மோசம். சேவலின் கழுத்து இறகில் வெள்ளையும் மஞ்சளுமாக மினுங்கும் பொட்டுகளை, சால்மன் ஃப்ளைக்குக் கண்ணாக வைப்பார்கள். ஸ்காட்லாந்தில் இருக்கிறவன் தவம் கிடக்கும் அந்தச் சேவல், எங்கள் தேயிலைச் சரிவில் தினமும் கத்தி என் தூக்கத்தைக் கெடுக்கிறது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதன் இறகில் கை வைக்கக் கூடாது, வைக்கவும் மாட்டேன். எனவே அந்த இறகை அச்சடித்த பிளாஸ்டிக் துண்டைக் கப்பல் கட்டணம் கொடுத்து வரவழைத்து ஒட்டுகிறேன். சேவல் வேலியோரம் நின்று பார்த்துவிட்டுப் போகிறது.

நிறத்துக்கே வருகிறேன். 1907-ல் எச்.சி. வில்சன் எங்கள் நீலகிரியின் அவலாஞ்சியில் ட்ரவுட் பொரிப்பகம் தொடங்கினாரே, அந்த மீன்கள் ஒன்றும் கலர் கார்டோடு வந்து இறங்கவில்லை. தண்ணீருக்குள் ஆழம் போகப் போக முதலில் மங்குவது சிவப்பு. வெளிச்சத்துக்கு எதிரே அண்ணாந்து பார்க்கிற மீனுக்கு முதலில் தெரிவது வெறும் நிழலுரு. இதையெல்லாம் போன வாரம் வந்த மச்சானிடம் விளக்கமாகச் சொன்னேன். காபியைக் குடித்து முடித்துவிட்டு, “அப்போ கறுப்பு டியூபே போதுமே மாப்ளே?” என்றார்.

வாழ்நாளில் ஒரு முள்ளைக்கூட வைஸில் பூட்டாதவர்கள் இப்படித்தான் பேசுவார்கள். கறுப்பு என்றால் எந்தக் கறுப்பு? பளபளப்பா, மங்கலா, உள்ளே நூல் தெரிகிற ‘ஸ்மோக்’ கறுப்பா? கறுப்புக்கு நான் தனி டப்பாவே வைத்திருக்கிறேன். அதில் பாதி, வெயிலில் பார்த்தால் ஊதா.