எண்ணெய் நிலமும் பந்துத் தேர்வும்: ஒரு திணைநோக்கு ஆய்வு

இங்கே பவுலிங் என்றது கிரிக்கெட்டில் பந்து வீசுவதை அன்று. பத்துப் பின்களை நிறுத்திவைத்துக் கனத்த பந்தை உருட்டிச் சாய்க்கும் அமெரிக்க ஆட்டத்தை என்க. “எடுத்தோம், உருட்டினோம், இதில் ஆராய என்ன இருக்கிறது?” என்பார் ஒரு சாரார். வாடகைச் செருப்பு மாட்டி ஞாயிற்றுக்கிழமை உருட்டுவோருக்கு அக்கூற்றுப் பொருந்தும். ஆறு பந்துகளைச் சக்கரப் பையில் இழுத்துவரும் லீக் ஆட்டக்காரரிடம் அதைச் சொல்லக்கூடாது. ஒரே ஆட்டத்துக்கு ஆறு பந்து எதற்கு என்பதே நம் ஆய்வுப் பொருள்.

பந்து உருளும் தடத்துக்கு லேன் என்று பெயர். ஆட்டக்காரர் தாண்டக்கூடாத கோட்டிலிருந்து முதல் பின் வரை அதன் நீளம் 60 அடி. அகலம் 39 பலகை. அதன்மேல் எண்ணெய் பூசியிருப்பதைப் பார்வையாளர் பலரும் அறியார். மரத்தால் ஆன பழைய லேன்கள் பந்து பட்டுத் தேயாமலிருக்கப் பூசத் தொடங்கிய எண்ணெய் அது. பிற்காலத்தில் செயற்கைத் தளம் வந்தும் எண்ணெய் போகவில்லை; ஆட்டமே அதன் கைக்குள் போய்விட்டது. ஏறக்குறைய 40 அடி வரை எண்ணெய், மிச்சம் காய்ந்த தரை. எண்ணெயில் பந்து வழுக்கும், காய்ந்த இடத்தில் பிடித்துக்கொண்டு வளையும். வளைந்தே ஆகவேண்டும், வலக்கையாளரின் பந்து 17.5ஆம் பலகையில் 6 பாகைக் கோணத்தில் பின்களுக்குள் நுழைவதே உத்தமம் என்கிறது அமெரிக்க பவுலிங் காங்கிரஸின் ஆய்வு. நேராக உருட்டினால் அந்தக் கோணம் கிடைக்காது. அதனால்தான் வளைவு, அதனால்தான் எண்ணெய்ச் சர்ச்சை, அதனால்தான் ஆறு பந்து.

இத்தனைக்கும் அந்த எண்ணெய் கண்ணுக்குப் புலப்படுவதே அரிது. காணாத ஒன்றைப் பற்றி ஆளாளுக்கு அடித்துப் பேசும் துறைகளில் சமயத்துக்கு அடுத்த இடம் பவுலிங்குக்கே.

அமெரிக்கத் தொழில்முறைச் சங்கம் தன் எண்ணெய் அமைப்புகளுக்கு விரியன், பச்சோந்தி, தேள், சுறா என்று பெயரிட்டது. கடிக்கும் என்பதைத் தவிர இப்பெயர்களால் விளங்குவது ஒன்றுமில்லை. திணைப் பகுப்பே தகும். எண்ணெய் நிறைந்தது மருதம், அளவாக உள்ளது முல்லை. பாலைக்கென்று தனி நிலம் இல்லை, பிற நிலங்கள் காய்ந்தே பாலையாகும் என்பது நம் மரபு. லேனிலும் அதுவே நடக்கிறது. முதல் ஆட்டத்தில் மருதமாக இருந்தது மூன்றாம் ஆட்டத்தில் பாலையாகிவிடும்; உருளும் பந்தெல்லாம் எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துவிட்டுப் போவதே காரணம். உரிப்பொருள் மட்டும் எல்லாத் திணைக்கும் ஒன்றுதான்: இரங்கல்.

இனி, பந்து. எடை 16 பவுண்டைத் தாண்டக்கூடாது. பிளாஸ்டிக் பந்து எந்த நிலத்திலும் ஏறக்குறைய நேரே போகும். யூரிதேன் சீக்கிரம் பிடித்து நிதானமாக வளையும். 1990களின் தொடக்கத்தில் வந்த ரியாக்டிவ் ரெசின், நுண்துளைகளில் எண்ணெயை உறிஞ்சிக்கொண்டு, காய்ந்த தரை கண்டதும் வெட்டித் திரும்பும். அதிலும் மங்கலான மேனி மருதத்துக்கு, பளபளப்பு பாலைக்கு. சொரசொரப்பான பட்டையால் தேய்த்தால் மங்கும், பாலிஷ் போட்டால் மின்னும். ஆகவே புதுப் பந்து கேட்போர் பலருக்கும் உண்மையில் வேண்டியது ஒரு தேய்ப்புப் பட்டைதான். பந்து விற்போர் இக்கருத்தை இன்னும் ஏற்கவில்லை.

மேனியே பெரிது என்பதற்குச் சான்று தொழில்முறை ஆட்டக்காரர் டான் மெக்யூன். 1973இல் அவர் பிளாஸ்டிக் பந்தை மெத்தில் எத்தில் கீட்டோன் என்னும் கரைப்பானில் மாவடு போல ஊறப்போட்டார். தோல் இளகியது, இளகிய தோல் லேனைப் பிடித்தது. ஆறு பட்டங்களும், ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருதும் அவருக்கு வந்தன. சங்கம் விழித்துக்கொண்டு பந்தின் கடினத்துக்குக் கீழ்வரம்பு வைத்தது. முனையைப் பந்தில் அழுத்திக் கடினம் பார்க்கும் சிறு கருவி இன்றும் புழக்கத்தில் உண்டு.

உள்ளே இருக்கும் கருவும் சாமானியமானதல்ல. திரும்பிவந்த ரெசின் பந்தைத் துடைக்காமல் விளக்கொளியில் சாய்த்துப் பாருங்கள். மெல்லிய எண்ணெய் வளையங்கள் பக்கம் பக்கமாக, ஓரிடத்தில் விரிந்தும் இரண்டிடத்தில் நெருங்கி வெட்டியும் கிடக்கும். கரு உருண்டையாக இல்லாததால் பந்தின் சுழல் அச்சு சற்றுச் சற்றே நகர்கிறது. சுற்றுக்குச் சுற்று எண்ணெய் படாத புதுத் தோல் தரையைத் தொடுகிறது. வளையங்கள் எவ்வளவு விரிகின்றனவோ அவ்வளவு பிடிப்பு. காணாத எண்ணெய் எழுதிவைத்துப் போகும் ஒரே கல்வெட்டு இதுதான். ஆட்டக்காரர் அதை ஒரு கணம் பார்த்துத் தலையாட்டிவிட்டுத் துண்டால் அழுத்தித் துடைத்துவிடுகிறார்.

அற்றேல், ஆறு பந்தும் வேண்டுமோ எனின், வேண்டா; எல்லா வேலையையும் பந்தே செய்வதில்லை. ஒரே உருட்டில் பத்தும் சாயும் ஸ்ட்ரைக்கில்கூட, குறி சரியாக விழுந்தால், வலக்கையாளரின் பந்து தானே தொடுபவை 1, 3, 5, 9 என்னும் நான்கு பின்களே; மற்ற ஆறும் ஒன்றையொன்று தள்ளி விழுகின்றன. ஓரத்தில் 10ஆம் பின் ஒன்று மட்டும் தனித்து நின்றால், பெரிய ஆட்டக்காரர்களும் பையிலிருந்து எடுப்பது விலை குறைந்த பிளாஸ்டிக்கைத்தான். மருதமா பாலையா என்று அது கேட்பதில்லை.

எனவே முதலில் ஒரு பிளாஸ்டிக், அடுத்து நடுத்தர ரெசின் ஒன்று. மூன்றாவது பந்துக்குப் பணம் எண்ணும் முன், அரங்கில் இருப்பவரிடம் எண்ணெய் எத்தனை அடி என்று கேளுங்கள். அதில் 31ஐக் கழித்தால், பந்து எந்தப் பலகையருகே எண்ணெயை விட்டு வெளியேற வேண்டும் என்பது தெரியும். 40 அடி என்றால் 9ஆம் பலகை. இந்தக் கணக்குக்குச் செலவு இல்லை.