ஒரிஜினல் ஜீப்பண்ணன்

கல்யாண மண்டப வாசலில் எல்லோரும் மாப்பிள்ளை அழைப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, ஒருவர் மட்டும் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மாப்பிள்ளை வந்திறங்கிய ஜீப்புக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தால், நான் சொல்ல வந்தவர் அவர்தான். வெளியே வந்து கையைத் தட்டிக்கொண்டு, "முன் ஆக்சிலை மாத்திப் போட்டானுங்க" என்பார். மாப்பிள்ளைக்கு முதல் சம்சாரம் உயிரோடு இருப்பதைக் கண்டுபிடித்தவர் குரலில் சொல்வார்.

கோவை, பொள்ளாச்சி, போடி, கொடைக்கானல், ஏற்காடு என்று மலையும் மலையடிவாரமும் உள்ள ஊர்களில் எல்லாம் இந்த இனம் உண்டு. எங்கள் பக்கத்து ஆளுக்கு ஜீப்பண்ணன் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறது. நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர். தென்னந்தோப்பு, நார் மில், போக வர ஒரு இன்னோவா. தோப்பும் மில்லும் அண்ணனுக்குச் சோறு போடுகின்றன. ஜீப்புக்கும் அவைதான் போடுகின்றன. ஜீப் யாருக்கும் எதுவும் போடுவதில்லை. தரைக்கு மட்டும் தினமும் கொஞ்சம் எண்ணெய் போடும்.

அந்த ஜீப் அண்ணனுடைய அப்பாரு, அதாவது தாத்தா, 1967-ல் வாங்கியது. மகிந்திரா சிஜே 3பி. வால்பாறை எஸ்டேட்டுகளுக்கு மளிகை ஏற்றிக்கொண்டு, நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்கிய வண்டி. இப்போது செட்டில், தார்ப்பாய்க்குள் இருக்கிறது. அதை முன்னிட்டு அண்ணனுக்கு ஒரே ஒரு கேள்வி: "அப்படியே வெச்சுக்கறதுங்களா, மாத்திப் போடறதுங்களா?"

இந்தக் கேள்வியை அவர் யாரிடமும் கேட்பார். பெட்ரோல் பங்க் பையனிடம் கேட்டிருக்கிறார். பல் பிடுங்கிக்கொண்டிருந்த டாக்டரிடம் கேட்க முயன்றிருக்கிறார். மில்லுக்கு கணக்குத் தணிக்கை செய்ய வந்த ஆடிட்டர், "பழைய ஜீப், மதிப்பு பூஜ்யம்" என்று எழுதியபோது, "ஒரிஜினலா வெச்சா பூஜ்யமுங்களா, மாத்துனா பூஜ்யமுங்களா?" என்று கேட்டார்.

பதில் சொல்ல இரண்டு நண்பர்கள் ஞாயிறுதோறும் வருவார்கள். ஒருவர் ஒரிஜினல் கட்சி. அவரிடம் ஜீப் கிடையாது. மூன்று போல்ட் இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஃபோர்டு கம்பெனி தன் பங்குக்குச் செய்த ஜீப்புகளில், போல்ட் தலையில்கூட 'எஃப்' என்று முத்திரை குத்தியது. அப்படி முத்திரை போட்ட மூன்றைச் சென்னை புதுப்பேட்டையில் தேடிப் பிடித்து, வெல்வெட் துணியில் மடித்து வைத்திருக்கிறார். அண்ணனுடைய வண்டியின் பின்பக்கம் துருப்பிடித்து விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை இருக்கிறது. அதை டிங்கரிங் செய்யலாமா என்றால் பதறிப் போவார். "கையை வெச்சறாதீங்க. அது ஒரிஜினல் துருவுங்க!"

இன்னொருவர் மாற்றல் கட்சி. கோயமுத்தூரிலிருந்து வருவார். சிறுவாணித் தண்ணீர் குழாயில் எப்போது வரும் என்று காத்திருக்கும் ஊரில் குடியிருந்துகொண்டு, கழுத்தளவு வெள்ளத்தில் வண்டி எப்படி மூச்சு விடும் என்று கவலைப்படுகிறவர். ஆகவே ஸ்நார்கல் வேண்டும். சேற்றில் புதைந்தால் இழுக்க முன்னால் வின்ச் வேண்டும். வண்டியை அரையடி தூக்க வேண்டும், அதற்கேற்ற டயர் வேண்டும், அந்த டயரைத் திருப்பப் பவர் ஸ்டியரிங் வேண்டும், அந்த டயரை நிறுத்த டிஸ்க் பிரேக் வேண்டும், நெற்றியில் பட்டையாக ஒரு எல்இடி லைட் வேண்டும். ஒன்று மாற்றினால் அடுத்ததையும் மாற்றியே ஆக வேண்டும் என்பது அவருடைய தத்துவம். கடைசியில் பழைய ஜீப்பில் எது மிஞ்சும் என்று கேட்டபோது, யோசித்துவிட்டு, "ஆர்.சி. புக்குங்க" என்றார்.

நியாயமாகப் பார்த்தால் அந்தக் கட்சியிலும் விஷயம் இருக்கிறது. பழைய ஜீப்பை ஓட்டுவது தியாகம். ஸ்டியரிங்கை இந்தப் பக்கம் கால் சுற்று திருப்பிய பிறகுதான் சக்கரத்துக்குத் தகவல் போகும். நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். மிதித்துவிட்டு வேண்டிக்கொள்ள வேண்டும். தரையில் மூன்று ராடு நிற்கும்: ஒன்று கியருக்கு, ஒன்று முன் சக்கரங்களையும் சேர்த்து இழுக்க, இன்னொன்று மெதுவாக, பலமாக ஏற. வளைவில் எதைப் பிடிப்பது என்று புதிதாக ஓட்டுகிறவன் திகைக்கும் நேரத்தில் வளைவு முடிந்துவிடும்; சில சமயம் சாலையும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரிஜினல் கட்சிக்காரர் எதிர்க்கட்சியை அடக்குவதற்காக ஜீப்பின் தல புராணத்தை எடுத்தார். 1940-ல் அமெரிக்க ராணுவம் சிறு வண்டி ஒன்று கேட்டது. பேண்டம் என்ற சின்னக் கம்பெனி 49 நாளில் மாதிரி செய்து கொடுத்தது. அந்த வரைபடத்தை ராணுவம் வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் காட்டியது. வில்லிஸ் தன்னுடைய பலமான எஞ்சினை வைத்துச் செய்தது. முன்முகத்தில் வில்லிஸ் கம்பிகளைப் பற்றவைத்துக்கொண்டிருக்க, ஃபோர்டு ஒரே தகட்டை அழுத்தி ஒன்பது துளை போட்டு மலிவாக முடித்தது. வில்லிஸும் அதையே வாங்கிக்கொண்டது. போர் முடிந்து ஊருக்கு வந்த ஜீப்புக்குத் துளை ஏழாகியது. 1953-ல் உயரமான புது எஞ்சின் வந்தது, பானெட்டுக்குள் அடங்கவில்லை. எஞ்சினைச் சின்னதாக்கவில்லை, பானெட்டை உயர்த்திவிட்டார்கள். அப்படிப் பிறந்ததுதான் 3பி. முதல் மாதிரி செய்த பேண்டமுக்குக் கடைசியில் கிடைத்தது டிரெய்லர் செய்யும் வேலை.

மாற்றல் கட்சிக்காரர் நிதானமாகக் காபியைக் குடித்து முடித்தார். "அப்ப உங்க ஒரிஜினலே ஒருத்தன் வண்டியில இன்னொருத்தன் எஞ்சினு, மூணாவது ஆளோட மூஞ்சி. இதுல நாம ஒரு லைட்டு போட்டாத்தான் கெட்டுப்போயிருமுங்களா?"

அன்று அண்ணன் இரவு சாப்பிடவில்லை. மறுநாள் நிலைமை இன்னும் மோசமானது. பட்டறையில் வயதான மெக்கானிக் பானெட்டைத் திறந்து காட்டினார். உள்ளே இருந்த டீசல் எஞ்சின் வண்டியோடு வந்ததே இல்லை. டீசல் மலிவாக விற்ற எண்பதுகளில், அந்தக் காலத்து ஜீப்புக்காரர்கள் பலரும் செய்ததைப் போல, அப்பாருவும் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிப் போட்டுவிட்டு மெட்டடார் வேனின் டீசல் எஞ்சினை ஏற்றியிருந்தார். அந்த எஞ்சின் மெர்சிடிஸ் கம்பெனி உரிமத்தில் இங்கே செய்யப்பட்டது. ஆகவே, மனசு ரொம்பக் கலங்கும்போது அண்ணன், "உள்ளே இருக்கறது பென்ஸுங்க" என்று சொல்லித் தேற்றிக்கொள்கிறார்.

சட்டமாவது வழி காட்டும் என்று நினைத்தார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ளதற்கு மாறாக வண்டியை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே அழுத்திச் சொன்னது. இதைக் கேட்டு ஒரிஜினல் கட்சியில் ஒரே கொண்டாட்டம். 2021-ல் மத்திய அரசு பழம்பெரும் வண்டிகளுக்கென்று தனி விதியும் கொண்டுவந்தது. ஐம்பது வருஷத்தைத் தாண்டியிருக்க வேண்டும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். நம்பர் பிளேட்டில் 'விஏ' என்று தனி எழுத்து வரும். கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் ஓட்டலாம், தினப்படி ஓட்டக் கூடாது. ஓட்டவே தேவையில்லை என்று சட்டமே சொல்கிறதே என்று அண்ணன் பூரித்துப் போனார்.

ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் இருந்த புரோக்கர்தான் நிபந்தனையை முழுக்கப் படித்துக் காட்டினார். சேஸ், பாடி, எஞ்சின் பெரிதாக மாறியிருக்கக் கூடாது.

"எஞ்சின் மாறியிருக்குதுங்களே. ஆர்.சி.யில டீசல்னு ஏத்தியிருக்குது."

"அப்ப பழைய பெட்ரோல் எஞ்சினையே திரும்பப் போட்டுர்றனுங்க."

"போடலாமுங்க. ஆனா டீசல் வண்டிக்குப் பெட்ரோல் எஞ்சின் போட்டா அது மாடிஃபிகேஷனுங்க. அதுக்குப் பர்மிஷன் வாங்கோணும்."

ஒரிஜினலாக வேண்டுமானால் மாற்ற வேண்டும். மாற்றினால் ஒரிஜினல் இல்லை. வேதாந்திகள் காலகாலமாக விவாதித்துத் தீராத சிக்கலை எங்கள் அண்ணன் ஒரு டீக்கடை பெஞ்சில் எட்டிவிட்டார்.

ஒரிஜினல் என்பது ஒரு பொருள் இல்லை, ஒரு தேதி. எந்த வருஷத்தோடு கடிகாரத்தை நிறுத்துவது என்பதுதான் சண்டை. ஒரிஜினல் கட்சிக்காரர் 1967-ல் நிறுத்தச் சொல்கிறார். அண்ணனுக்கு 1967 நினைவே இல்லை, அவர் அப்போது பிறக்கவில்லை. அவருக்குத் தெரிந்த ஜீப், அப்பாரு மடியில் உட்கார்ந்து ஆழியாறு செக்போஸ்ட் தாண்டிப் போன டீசல் ஜீப். தடதடவென்று அது போடும் சத்தம்தான் அவருக்கு ஒரிஜினல் சத்தம். மெக்கானிக்கிடமும் இதே கணக்கு வேறு விதமாக இருக்கிறது. "ஏனுங்க தம்பி, இந்தச் சேஸுல எங்கய்யன் வெச்ச வெல்டிங் இருக்குது, நான் வெச்ச வெல்டிங் இருக்குது. ஸ்பிரிங் பட்டையில ரெண்டு லாரிப் பட்டை. எதை எடுக்கோணும், எதை வெக்கோணும்னு சொல்லிப்போட்டுப் போங்க." அண்ணன் சொல்லவில்லை, போனார்.

வீட்டம்மாவுக்கு இந்த விவாதத்தில் இடமில்லை என்று நினைக்க வேண்டாம். கல்யாணம் ஆகி வந்த நாள் முதல் அடுப்படிக்குப் புது மேடை கட்டச் சொல்லி வருகிறார். ஒருநாள் கட்சிக்காரர்கள் இருவருக்கும் காபி கொடுத்துவிட்டுச் சொன்னார்: "ஒரிஜினல் பாக்கோணும்னா உள்ளே வாங்க. என்ற அடுப்படியைப் பாருங்க. உங்க அண்ணன் ஒரு ஆணிகூட மாத்தலை." இருவரும் எட்டிப் பார்த்தார்கள். மாற்றல் கட்சிக்காரர் மாடுலர் கிச்சன் யோசனை சொன்னார். ஒரிஜினல் கட்சிக்காரர், அந்த ஆட்டுக்கல் எந்த வருஷம் என்று விசாரித்தார்.

இப்போது அண்ணன் ஒரு சமாதானத்துக்கு வந்திருக்கிறார். எதையும் வெட்டக் கூடாது, பற்றவைக்கக் கூடாது. போல்ட் போட்டு மாட்டுகிற மாற்றம் மட்டும் செய்துகொள்ளலாம். கழற்றியதைப் பத்திரமாக வைத்தால், எப்போது வேண்டுமானாலும் பழையபடி ஆக்கிவிடலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. முதலில் ஸ்டியரிங் வளையம் பரணுக்கு ஏறியது. அப்புறம் சீட்டு, டைனமோ, முகப்பு விளக்கு, நாலு சக்கரம். ஒவ்வொன்றிலும் மகளின் பள்ளி நோட்டு லேபிள் ஒட்டி, பெயர், பகுதி, தேதி. 'வகுப்பு' என்ற இடத்தில் '4x4'. பரணில் ஒரு ஜீப் உருவாகிக்கொண்டிருக்கிறது; கீழே ஒரு ஜீப் உருமாறிக்கொண்டிருக்கிறது; இரண்டும் ஓடுவதில்லை. ஒரிஜினல் கட்சி இப்போதெல்லாம் பரணுக்கு அடியில் உட்காருகிறது, மாற்றல் கட்சி செட்டில் உட்காருகிறது. அண்ணன் நடுவில் நாற்காலி போட்டு இருவரிடமும் அதே கேள்வியைக் கேட்கிறார். முடிவு சொல்லிவிட்டால் ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வது என்பது அவருக்குத் தெரியாதது இல்லை.

எல்இடி பட்டை மட்டும் போன மாதம் ஏறிவிட்டது. துரோகம் என்று ஒரிஜினல் கட்சிக்காரர் இரண்டு வாரம் வரவில்லை. அவர் வீணாக வருத்தப்படுகிறார். இன்னும் நாற்பது வருஷம் கழித்து அண்ணனின் பேரன் இதே செட்டில் தார்ப்பாயை விலக்குவான். எவனோ ஒரு நண்பன் அந்த லைட்டைக் கழற்றிப் போடச் சொல்வான். பையன் பதறிப்போய்ச் சொல்லப் போகிறான்: "அதுல கையை வெச்சறாதே. எங்கப்பாரு போட்டது. ஒரிஜினல்!"